ஜி, எஸ், பி, ஏ, க்யூ: காணாமப்போன ஃபைலைத் தேடின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சை, வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு குடும்பக் கதை. ஆனா கதைக்குள்ள கொஞ்சம் கம்ப்யூட்டர் பாடம் இருக்கு. "நேத்து ராத்திரி சேவ் பண்ணேன், காலையில காணோம்"னு நீங்க எப்பவாவது கத்தியிருந்தா, இது உங்களுக்கான எபிசோட்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சென்னையில ஆபீஸ் முடிச்சு வேளச்சேரி ஸ்டேஷன்ல நிக்குறேன். ஊர்ல இருந்து பெரியம்மா போன். எங்க ஊர் புளியங்குடி. தென்காசி மாவட்டம். ஊரைத் தெரியாதவங்களுக்கும் எலுமிச்சம்பழத்தைத் தெரியும். இப்ப புவிசார் குறியீடு எல்லாம் வாங்கின பழம் அது.

பெரியம்மா எடுத்த எடுப்புலயே சொன்னாங்க: "எய்யா, பெரியப்பா எழுதி வச்சதுல ஒண்ணையும் காணலையாம். உன் தம்பி பூரா தேடிட்டானாம். நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

பெரியப்பா ஒரு பள்ளிக்கூடத்துல எழுத்தரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அதுக்கப்புறம் பத்து வருஷம் தினமும் காலையில காப்பி குடிச்சுட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஊர்க்கதையை டைப் பண்ணிட்டு இருந்தாரு. எலுமிச்சை கமிஷன் மண்டி எப்படி இருந்துச்சு, எந்தத் தெருவுல யாரு இருந்தாங்க, எந்த வருஷம் மழை பொய்ச்சுது, எங்க தாத்தா எப்படி தோட்டத்தை வித்தாரு, இதெல்லாம். யார்கிட்டயும் காட்டல. "முடியட்டும், மொத்தமா தாரேன்"னு சொல்லிட்டே இருந்தாரு. முடிக்கிறதுக்குள்ள அவரு முடிஞ்சுட்டாரு.

தலைத்திவசத்துக்கு இன்னும் இருபது நாள். அன்னிக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு அந்த ஊர்க்கதையை சின்னப் புத்தகமா அடிச்சுக் கொடுக்கணும்னு பெரியம்மாவுக்கு ஆசை. எல்லாரும் சரின்னுட்டாங்க. அச்சடிக்க ஆள் பாத்தாச்சு. ஃபைலைத்தான் காணோம்.

ராத்திரி ரயில் ஏறி, காலையில சங்கரன்கோவில்ல இறங்கி, பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிட்டேன்.

முதல்ல, "காணோம்"னா என்ன?

போற வழி முழுக்க ஒரு விஷயம்தான் யோசிச்சுட்டு இருந்தேன். ஒரு ஃபைல் "காணோம்"னு நாம சொல்றப்ப நாலு வேற வேற விஷயங்களைச் சொல்றோம். ஒண்ணு, ஃபைல் இருக்கு, நாம தப்பான இடத்துல தேடுறோம். ரெண்டு, சரியான இடத்துலதான் தேடுறோம், ஆனா அது மறைஞ்சு இருக்கு. மூணு, கண்ணு முன்னாடியே இருக்கு, நமக்கு அடையாளம் தெரியல. நாலு, நெசமாவே போயிடுச்சு.

பெரும்பாலும் முதல் மூணுல ஒண்ணாதான் இருக்கும். ஆனா பதட்டத்துல நாம நேரா நாலாவதுக்குத் தாவிடுவோம். தாவினதும் ரெண்டு தப்பு பண்ணுவோம். ஏதாவது ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிரைவ்ல டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணுவோம். இல்லன்னா, "சரி போச்சு"ன்னு அந்த டிரைவ்லயே புதுசா எதையாவது போட்டு நிரப்புவோம். ரெண்டுமே ஆபத்து. ஏன்னு பின்னாடி சொல்றேன், எங்க வீட்லயே நடந்தது.

வீட்டுக்குப் போனேன். பெரியப்பாவோட பழைய டெஸ்க்டாப் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சு. சர்வீஸ் பண்றவரு அதுல இருந்த எல்லாத்தையும் தம்பியோட லேப்டாப்ல டி டிரைவ்ல காப்பி பண்ணிக் கொடுத்துட்டாரு. "பழசு"ன்னு ஒரு ஃபோல்டர். உள்ள எண்பது ஜிபி. கல்யாண வீடியோ, ஜாதகம், கரண்ட் பில், பாட்டு, எல்லாம் கலந்து கிடக்கு.

தம்பி சொன்னான்: "அண்ணே, 'புளியங்குடி'ன்னு தமிழ்ல அடிச்சுத் தேடினேன். ஒண்ணுமே வரல. 'எலுமிச்சை'ன்னு தேடினேன். அதுவும் வரல. ஊர்க்கதைல புளியங்குடின்னு ஒரு வார்த்தை கூடவா இருக்காது?"

நியாயமான கேள்வி.

தப்பான இடம்

முதல்ல தப்பான இடம்ங்கிற விஷயத்தை முடிச்சிடுவோம், ஏன்னா உங்கள்ல பலருக்கு இதுதான் பிரச்சினையா இருக்கும்.

2021-ல தி வெர்ஜ் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர், "உங்க ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்கு?"ன்னு மாணவர்கள்கிட்ட கேட்டா, கேள்வியே அவங்களுக்குப் புரியலைன்னு சொல்லியிருந்தாங்க. எனக்கு ஆச்சரியமா இல்ல. நாம போன்ல வளர்ந்த ஆளுங்க. போன்ல ஃபோட்டோ கேலரில இருக்கும், பாட்டு பாட்டு ஆப்ல இருக்கும். "எங்க"ங்கிற கேள்வியே வராது. கம்ப்யூட்டருக்கு வந்ததும் அந்தக் கேள்வி வருது.

அதனால காணோம்னதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த ஃபைலை எந்த ஆப்ல செஞ்சீங்களோ அதையே திறக்கிறது. வேர்டுல எழுதினீங்கன்னா வேர்டைத் திறந்து, ஓப்பன் போய், ரீசண்ட் லிஸ்ட்டைப் பாருங்க. ஃபைல் பேருக்குக் கீழ அது இருக்கிற பாதை சின்ன எழுத்துல இருக்கும். அந்தப் பாதையைப் படிங்க. தொண்ணூறு கேஸ் அங்கயே முடிஞ்சிடும்னு ஒரு சர்வீஸ் அண்ணாச்சி எங்கிட்ட சொல்வாரு. அவர் கணக்கு அது.

அந்தப் பாதைல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. நடுவுல "ஒன்டிரைவ்"னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாருங்க. பேக்கப் ஆன் பண்ணா, உங்க டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள நகர்ந்துடும். அப்புறம் பழைய டெஸ்க்டாப் ஒண்ணு, புது டெஸ்க்டாப் ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும். நீங்க கண்ணால பாக்கறது ஒண்ணு, ஏதோ ஒரு பழைய சாஃப்ட்வேர் சேவ் பண்றது இன்னொண்ணு. ஃபைல் இருக்கு, ஆனா பக்கத்து வீட்ல இருக்கு.

இன்னொண்ணு, "டெம்ப்"ங்கிற வார்த்தை. மெயில்ல வந்த அட்டாச்மெண்ட்டை டவுன்லோட் பண்ணாம அப்படியே திறந்து, திருத்தி, சேவ் கொடுத்தா, அது ஏதோ ஒரு தற்காலிக ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கும். அந்த ஃபோல்டர் எப்ப வேணா துடைக்கப்படும். பாதைல டெம்ப்னு பாத்தீங்கன்னா, உடனே சேவ் ஆஸ் கொடுத்து ஒழுங்கான இடத்துக்குக் கொண்டு வந்துடுங்க.

ரீசண்ட்லயும் இல்லன்னா, பேரை விட்டுட்டு தேதியை வச்சுத் தேடுங்க. ஃபைல் எக்ஸ்ப்ளோரர் தேடல் பெட்டில "டேட்மாடிஃபைடு", கோலன், "டுடே"ன்னு அடிச்சா இன்னிக்குத் தொட்ட ஃபைல் எல்லாம் வரும். பேரு மறந்துபோகும். எப்ப பண்ணோம்ங்கிறது அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

மறைஞ்சு கிடக்கிறது

அடுத்தது ஒளிஞ்சு கிடக்கிறது. நம்ம ஊர்ப்பக்கம் பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடைன்னு பென் டிரைவ் தூக்கிட்டு அலைஞ்ச எல்லாருக்கும் இது தெரியும். கடைல பென் டிரைவைக் குத்திட்டு வீட்டுக்கு வந்து திறந்தா, எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆயிருக்கும். கிளிக் பண்ணா திறக்காது. ஆனா பிராப்பர்ட்டீஸ்ல பாத்தா இடம் நிரம்பித்தான் இருக்கும்.

அந்த வைரஸ் உங்க ஃபைலை அழிக்கல. "நான் சிஸ்டம் ஃபைல், என்னைக் காட்டாதே"ன்னு ஒவ்வொண்ணு மேலயும் ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான். வியூல போய் ஹிடன் ஃபைல்ஸைக் காட்டச் சொன்னா மட்டும் பத்தாது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல "ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்"ங்கிற டிக்கையும் எடுக்கணும். கடை அண்ணாச்சிங்க கறுப்புத் திரையைத் திறந்து "அட்ரிப்"னு ஒரு கமாண்ட் அடிச்சு இருபது ரூபா வாங்குவாங்கள்ல, அது அந்தச் சீட்டைக் கிழிக்கிற வேலைதான். வைரஸைத் தனியா ஸ்கேன் பண்ணி எடுக்கணும், மறந்துடாதீங்க.

இடம் நிரம்பியிருக்கு, ஃபைல் தெரியலைன்னா, அழியலைன்னு அர்த்தம். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

தம்பியோட டி டிரைவ்ல ரெண்டையும் பாத்தேன். தப்பான இடமும் இல்ல, மறைஞ்சதும் இல்ல.

கண்ணு முன்னாடி இருந்தது

மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தப்ப பெரியம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. "உங்க பெரியப்பா அந்தக் காலத்துலயே தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கம்ப்யூட்டர் வந்ததுக்கப்புறமும் அதே விரல்லதான் அடிப்பாரு. கீ போர்டைப் பாக்கவே மாட்டாரு."

அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு.

இப்ப நாம போன்ல தமிழ் அடிச்சா அது யூனிகோட். யூனிகோட்ல தமிழுக்கு 1991-லயே இடம் கொடுத்துட்டாங்க. விண்டோஸ் 2000-ல தமிழ் வந்துச்சு. தமிழ்நாடு அரசு 2010-லதான் யூனிகோடைத் தரமா அறிவிச்சுது. இதுக்கு நடுவுல இருந்த அத்தனை வருஷமும் தமிழ் எழுதினவங்க வேற வழில எழுதினாங்க. பாமினி, வானவில், தஸ்கி, டாப், டாம்னு ஏகப்பட்ட முறை. 1999-ல சென்னையில தமிழ்நெட் 99 மாநாடே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நடந்துச்சு. 1998 பொங்கல்ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் கூட, பழைய தமிழ் நூல்களை ஆரம்பத்துல தஸ்கி மாதிரி குறியேற்றத்துல போட்டுட்டு, பிறகு யூனிகோடுக்கு மாத்த வேண்டி வந்துச்சு.

பாமினில என்ன நடக்குதுன்னா, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அங்க தமிழே கிடையாது. நீங்க "ப" அடிக்க ஆங்கில ஜி கீயை அமுக்குறீங்க. ஃபைலுக்குள்ள ஜிதான் சேவ் ஆகுது. பாமினி எழுத்துரு அந்த ஜி மேல "ப" படத்தை மாட்டிக் காட்டுது. எழுத்துரு ஒரு முகமூடி. அதைக் கழட்டினா உள்ள இருக்கிறது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

அப்ப தம்பி "புளியங்குடி"ன்னு யூனிகோட்ல தேடினா எப்படி வரும்? அந்த ஃபைலுக்குள்ள புளியங்குடியே இல்லையே. பெரியப்பா விரல் எந்தக் கீயை அமுக்குச்சோ அதைத்தான் தேடணும். பாமினி கீபோர்டு படத்தைப் போன்ல எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா எழுதினேன். புக்கு பெரிய ஜி. ளிக்கு எஸ், பி. யவுக்கு ஏ. ங்கவுக்கு க்யூ, அதுக்கு மேல புள்ளி வைக்க அரைப்புள்ளி. குவுக்கு பெரிய எஃப். டிக்கு பி ஃபார் பால் பி. அரைப்புள்ளி வர்ற இடத்துல தேடல் வார்த்தையை வெட்டிடும். அதனால அதுக்கு முன்னாடி நிறுத்திட்டேன். ஜி, எஸ், பி, ஏ, க்யூ.

தேடினேன். ஒண்ணுமே வரல.

தம்பி முகத்தைப் பாக்கவே முடியல. ஆனா இன்னொரு பூட்டு இருந்துச்சு. விண்டோஸ் தேடல் சும்மா விட்டா டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் மாதிரி சில ஃபோல்டருக்குள்ளதான் எழுத்தைப் படிச்சு அட்டவணை போட்டு வச்சிருக்கும். டி டிரைவ் அதுல சேராது. அங்க ஃபைல் பேரை மட்டும்தான் பாக்கும், உள்ள படிக்காது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல சர்ச்னு ஒரு பக்கம் இருக்கு. அங்க "எப்பவும் ஃபைல் பேரையும் உள்ளடக்கத்தையும் தேடு"ங்கிற டிக்கைப் போடணும். போட்டேன். மறுபடியும் ஜி, எஸ், பி, ஏ, க்யூ.

பச்சைக் கோடு மெதுவா நகர்ந்துச்சு. பெரியம்மா முந்தானையைப் பிடிச்சுட்டு பக்கத்துல நிக்குறாங்க. ஒரு ஃபைல் வந்துச்சு. இன்னொண்ணு. மொத்தம் பத்து.

எல்லாம் "நியூ ஃபோல்டர் 3"க்குள்ள இருந்துச்சு. பேரு எம்1, எம்2, எம்3ன்னு எம்10 வரைக்கும். எம்னா என்னன்னு கொஞ்ச நேரம் புரியல. அப்புறம் கீபோர்டு படத்தைப் பாத்தேன். பாமினில எம் கீதான் "அ". அவரு அ1, அ2ன்னு அடிச்சிருக்காரு. அத்தியாயம் ஒண்ணு, அத்தியாயம் ரெண்டு. ஃபைல் பேருக்குப் பாமினி முகமூடி கிடையாதுல்ல, அதனால எம்மா நிக்குது. பத்து வருஷமும் அவர் தமிழ்லதான் பேர் வச்சிருக்காரு. கம்ப்யூட்டர்தான் அதை இங்கிலீஷா காட்டியிருக்கு.

எம்1-ஐத் திறந்தேன். லேப்டாப்ல பாமினி எழுத்துரு இல்ல. திரை முழுக்கக் குப்பை. எழுத்துருவை இறக்கிப் போட்டுட்டு மறுபடி திறந்தேன். "புளியங்குடி"ன்னு தலைப்பு. பெரியம்மா தொட்டுப் பாத்தாங்க, திரையை.

தம்பி சொன்னது

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

எம்1-ல பெரியப்பா ஒரு பொருளடக்கம் போட்டிருந்தாரு. மொத்தம் பதினாலு அத்தியாயம். எங்ககிட்ட பத்துதான் இருக்கு. மீதி நாலு எங்க? டெஸ்க்டாப் செத்ததுக்கப்புறம் அவரு கடைத்தெருவுல ஒரு டிடிபி அண்ணாச்சி கடைக்குப் போய், பென் டிரைவைச் செருகி, நேரா அதுலயே டைப் பண்ணியிருக்காரு. அண்ணாச்சிகிட்ட கேட்டோம். அவரு கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணி ஆறு மாசம் ஆச்சு. "பென் டிரைவ்லதான் எல்லாம் வச்சிருந்தாரு சார்வாள், எங்கிட்ட ஒண்ணும் இல்ல"ன்னுட்டாரு.

பென் டிரைவ் மேஜை டிராயர்ல கிடைச்சுது. உள்ள சினிமாப் பாட்டு மட்டும்தான்.

தம்பி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான். "அண்ணே, கார்ல பாட்டு கேக்கலாம்னு எடுத்தேன். உள்ள நாலு ஃபைல் இருந்துச்சு. திறந்தா ஒரே குப்பை எழுத்து. வைரஸ்னு நெனச்சு டெலீட் பண்ணிட்டேன்."

அவனைத் திட்ட எனக்கு மனசு வரல. குப்பையாத் தெரிஞ்சதைக் குப்பைன்னு நெனச்சிருக்கான். ரீசைக்கிள் பின்ல இருக்குமேன்னு கேப்பீங்க. இருக்காது. பென் டிரைவ்ல அழிச்சா அது ரீசைக்கிள் பின்னுக்கே போகாது, நேரா போயிடும். இதை இன்னிக்கே உங்க வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

ஆனா "நேரா போயிடும்"னா என்ன? டெலீட் பண்ணா ஃபைலுக்குள்ள இருக்கிற எழுத்து உடனே அழியாது. பென் டிரைவ்ல பெரும்பாலும் இருக்கிற ஃபேட்32 முறைல, பெயர்ப்பட்டியல்ல அந்த ஃபைலோட முதல் எழுத்தை மட்டும் மாத்தி, "இந்த இடம் காலி, யாரும் வரலாம்"னு போர்டு வைக்கிறாங்க. பழைய குடித்தனக்காரரோட சாமான் உள்ளயே கிடக்கும். புதுசா யாராவது குடி வந்து தூக்கிப் போடுற வரைக்கும். அதனாலதான் முன்னாடி சொன்னேன், தொலைஞ்ச டிரைவ்ல எதையும் புதுசா எழுதாதீங்கன்னு. எஸ்எஸ்டி டிரைவ்ல இன்னும் கஷ்டம். டெலீட் பண்ண இடத்தை அதுவே பின்னணில துடைச்சு வச்சுக்கும்.

ரெக்குவான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். அதை லேப்டாப்ல போட்டு, பென் டிரைவை ஸ்கேன் பண்ணோம். மீட்ட ஃபைலைத் திரும்ப அதே பென் டிரைவ்ல சேவ் பண்ணாம லேப்டாப்ல பண்ணோம். நாலு பேரு வந்துச்சு. முதல் எழுத்து இல்லாம, கோடு போட்டு, 11, 12, 13, 14ன்னு. மூணு திறந்துச்சு. 12 திறக்கல. அது இருந்த இடத்துல ஒரு பாட்டு குடி வந்துடுச்சு.

பொருளடக்கத்தைப் பாத்தோம். பன்னெண்டாவது அத்தியாயத்தோட பேரு "ஆச்சி". எங்க அப்பாவையும் பெரியப்பாவையும் பெத்தவங்க.

நெசமாவே போறது

நெசமாவே போறதும் உண்டுங்கிறதை மறைக்க முடியாது. 2018 அக்டோபர் 2-ந் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு அப்டேட் வந்துச்சு. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை வேற இடத்துக்கு மாத்தி வச்சிருந்த சிலருக்கு, பழைய இடத்துல மிச்சம் இருந்த ஃபைலையெல்லாம் அது "காலி ஃபோல்டர்"னு நெனச்சு அழிச்சிடுச்சு. புகார் பண்ணவங்க எண்ணிக்கை ரொம்பக் குறைவுன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுச்சு. ஆனாலும் சில நாள்லயே அந்த அப்டேட்டை நிறுத்தி வச்சு, கோளாறைச் சரிபண்ணி நவம்பர் 13-லதான் திரும்ப வெளியிட்டாங்க. அப்படி ஃபைல் போனவங்க தப்பு ஒண்ணும் பண்ணல. ஒரே இடத்துல வச்சிருந்தாங்க, அவ்வளவுதான்.

எங்க ஊர்ல இருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம், சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர் இருக்கு. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அந்த ஊருக்கு வந்திருக்காரு. வரதுங்க பாண்டியன் சேத்து வச்சிருந்த சுவடிகள் அந்தக் கோயில்ல இருக்குன்னு கேள்விப்பட்டு ஆசையோட போய்க் கேட்டா, ஆகமத்துல சொன்னபடி நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டாச்சுன்னு பதில் வருது. "என் சரித்திரம்" புத்தகத்துல அவரே இதை எழுதியிருக்காரு. எரிச்சவங்க கெட்டவங்க இல்ல. பழசு, மக்கிப்போச்சு, படிக்க ஆளில்ல, மரியாதையா அனுப்பி வைப்போம்னு நெனச்சிருப்பாங்க. எங்க தம்பி மாதிரிதான். என்னன்னு தெரியாததுனால போச்சு.

பேரு வைக்கிறது

மீதி வேலை சுலபம். பதிமூணு அத்தியாயத்தையும் பாமினில இருந்து யூனிகோடுக்கு மாத்தணும். என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவோட பொங்குதமிழ் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கு. ஒட்டினா மாத்திக் கொடுத்துடும். மாத்தினதுக்கப்புறம் "எலுமிச்சை"ன்னு தேடினேன். நூத்துக்கும் மேல வந்துச்சு. பெரியப்பா முதல் தடவையா தேடலுக்கு அகப்பட்டாரு.

யூனிகோட் வந்துட்டா தொல்லை முடிஞ்சுதுன்னு நெனக்காதீங்க. "கோவில்"ல வர்ற "கோ"வை ரெண்டு விதமா அடிக்கலாம். கவும் ஓகாரக் குறியும் ஒரே துண்டா வரலாம். இல்லன்னா ஏகாரக் குறியும் காலும் தனித்தனியா வரலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். விண்டோஸுக்கு ரெண்டும் வேற வேற பேரு. ஒரே ஃபோல்டர்ல "கோவில் கணக்கு"ன்னு ரெண்டு ஃபைல் சண்டை போடாம உக்காந்திருக்கும். "ஔவை"க்கு ஒரே எழுத்தா ஔ அடிக்கிறவங்களும் உண்டு, ஒவும் ளவும் சேத்து அடிக்கிறவங்களும் உண்டு. ஒண்ணைத் தேடினா இன்னொண்ணு வராது. அதனால தமிழ்ல தேடி வரலைன்னா, வார்த்தையை மாத்துங்க. கொ, கோ, கௌ வராத இன்னொரு சொல்லை வச்சுத் தேடுங்க.

இன்னிக்கு ராத்திரி நீங்க செய்யலாம்னு மூணு சின்ன வேலை சொல்றேன். உங்களுக்கு முக்கியமான ஃபைல் ஒண்ணே ஒண்ணை எடுங்க. அதுக்கு இன்னொருத்தருக்குப் புரியுற பேரு வைங்க, தேதியோட. "ஃபைனல்", "ஃபைனல் 2", "புதுசு" எல்லாம் வேண்டாம். அதை இன்னொரு இடத்துலயும் வைங்க. கிளவுட்ல ஒண்ணு, கையில ஒண்ணு. மூணாவது, அது எங்க இருக்குன்னு வீட்ல ஒருத்தர்கிட்ட வாயால சொல்லுங்க. பெரியப்பா முதல் ரெண்டுல ஒண்ணைக்கூட செய்யல. மூணாவதையாவது செஞ்சிருந்தா தம்பி அந்த நாலு ஃபைலைத் தொட்டிருக்க மாட்டான்.

தலைத்திவசத்துக்குப் புத்தகம் வந்துடுச்சு. பதினொண்ணுக்கு அடுத்து பதிமூணு வர முடியாதுல்ல, பன்னெண்டாவது அத்தியாயத்துக்கு என்ன பண்றதுன்னு ரொம்ப யோசிச்சோம். அச்சுக்கு அனுப்புறதுக்கு முந்தின ராத்திரி பெரியம்மா சொன்னாங்க: "எழுதினதும் எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. ஆச்சி கதை எனக்குத் தெரியும். அவரு எழுதின மாதிரி சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன்."

போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணேன். நாப்பத்தியொரு நிமிஷம். நடுவுல ரெண்டு தடவை அழுதாங்க, ஒரு தடவை சிரிச்சாங்க. ஆச்சி மண்டில ஒரு தரகர்கிட்ட பழத்தை எண்ணச் சொல்லி மல்லுக்கு நின்ன கதைக்குத்தான் அந்தச் சிரிப்பு. கேட்டு எழுதி பன்னெண்டாவது அத்தியாயமா சேத்தோம். தலைப்புக்குக் கீழ, "சொன்னது: பெரியம்மா"ன்னு போட்டோம்.

ரெக்கார்ட் முடிஞ்சதும் போன் அதுவா ஒரு பேரு வச்சுது. ஏதோ எண். தம்பி போனை எங்கிட்ட இருந்து வாங்கினான். அந்தப் பேரை அழிச்சுட்டு, "ஆச்சி கதை, பெரியம்மா குரல்"னு அடிச்சு, தேதி போட்டான். லேப்டாப்ல ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு வச்சான். அப்புறம் அடுப்படிக்குப் போய், "அம்மா, உங்க பேச்சு எங்க இருக்குன்னா..."ன்னு ஆரம்பிச்சான். எனக்கு அங்க வரைக்கும்தான் கேட்டுச்சு.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.